மேல்தளக் கதவில் முதல் ஆள்

எண்ணூறு பேர் ஏறக்கூடிய இரண்டடுக்கு விமானம் அது. பறக்க அனுமதி வேண்டுமென்றால், அத்தனை பேரையும் நிஜமாகவே ஏற்றி, விளக்கை அணைத்து, பாதிக் கதவுகளைப் பூட்டிவிட்டுத் தொண்ணூறு விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும். வயதானவர்களும் பெண்களும் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஐம்பது தாண்டிய பெண்கள்தான் போதவில்லை.

"நீ வாயேன்," என்றார் கணவர். மேல்தளக் கதவிலிருந்து விரிகிற காற்றடைத்த சறுக்கை வடிவமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"மூணு மாடி உசரத்துலேர்ந்து என்னைத் தள்ளிவிடணும்னு இத்தனை வருஷமா காத்திருந்தீங்களாக்கும்?"

"உன்னை யாரால தள்ள முடியும்? கும்பலையே உள்ள தள்ளி ஏத்திக்கிட்டுப் போறவ நீ."

நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

சோதனையன்று மேல்தளத்தில் கதவை ஒட்டிய இருக்கை வாய்த்தது. விளக்கு அணைந்தது. மணி அலறியது. கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். கதவோர அவசர விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் கீழே சறுக்கு விரிந்திருந்தது தெரிந்தது; ஆனால் நடுவில் ஈரத்துணி போல முறுக்கிக் கிடந்தது. குதித்தால் எலும்பு மிஞ்சாது. இரண்டு கையையும் விரித்துப் பின்னால் முட்டிய கூட்டத்தைத் தடுத்தாள். "நில்லுங்க! நில்லுங்க!" சறுக்கு உதறிக்கொண்டு நிமிர்ந்ததும் அவளே முதலில் குதித்தாள்.

நேரம் கடந்துவிட்டது. சோதனை தோல்வி.

அன்றைக்கு வீட்டில் முறுக்கிக் கிடந்ததை அவள் சொன்னதும், அவர் அவள் தோளைத் தொட்டுச் சொன்னார்: "நல்லவேளை நீ நின்னே. வேற யாராவதா இருந்தா செத்திருப்பாங்க."

அவர் அலுவலகத்திலேயே நடந்த விசாரணைக்கு அவளையும் கூப்பிட்டார்கள். நீள மேசையில் எதிர்ப்பக்கம் அவர். உள்ளிருந்த கேமராவில் அவள் கை விரித்து நிற்பது மட்டும் பதிவாகியிருந்தது. கதவுக்கு வெளியே கேமராவுக்கு ஒரே இருட்டு.

"சறுக்கு சரியா விரிஞ்சுதா?" என்று அதிகாரி கேட்டார்.

கணவர் தண்ணீர் குடித்தார். "விரிஞ்சுது சார். முதல்ல நின்ன பயணி உயரத்தைப் பார்த்துப் பயந்துட்டாங்க."

பயணி. அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள்.

"நான் பயப்படலை. அது முறுக்கிக்கிட்டு இருந்துச்சு," என்றாள். அதிகாரி மரியாதையாகத் தலையாட்டினார். செய்தவரே சொன்ன பிறகு, குதித்தவள் பேச்சு எடுபடுமா?

சேதி அவளுடைய பேருந்துப் பணிமனைக்கும் போய்ச் சேர்ந்தது. "அவசரத்துல கை கால் ஓடாதவங்ககிட்ட பஸ்ஸை எப்படிங்க குடுக்கிறது?" என்று மேலாளர் இழுத்தார். ஓட்டும் திறனைப் பரிசோதித்து முடியும்வரை அவளை வண்டி கழுவும் இடத்தில் மேற்பார்வைக்குப் போட்டார். "விட்டுத் தள்ளு, நாலு நாள்ல மறந்துடுவாங்க," என்றார் கணவர். வேலைக்கு ஆபத்து என்று பயத்தில் உளறிவிட்டார், வெளியே நின்றவர் கண்ணுக்கு முறுக்கு தெரிந்திருக்காது என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறு சோதனையில் விமானம் தேறியது. குடும்பங்களுக்கும் விருந்து வைத்தார்கள். அவர் குழுவிலிருந்த இளைஞன் ஒருவன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணன் மூளையே மூளை. மொத சோதனை முடிஞ்ச மறுநாள் காலையிலேயே சறுக்கோட மடிப்பு முறையை மாத்தச் சொல்லிட்டார். பழைய மடிப்பு முறுக்கிக்குதுன்னு அவர்தான் கண்டுபிடிச்சார்."

விசாரணை நடந்ததோ அதற்கடுத்த வாரம்.

தட்டைக் கீழே வைத்தாள். திரும்பும்போது காரில் கேட்டாள்: "அப்போ தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "என் குழுவையே கலைச்சிருப்பாங்கம்மா. உனக்கு என்ன, ஒரு பேச்சுதானே? நீ நம்ம வீட்டு ஆளு, பொறுத்துக்குவேன்னு நினைச்சேன்."

"வெளி ஆளா இருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க, இல்ல?"

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

"ஓரமா நிறுத்துங்க."

இறங்கிப் பேருந்து பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். பணிமனைப் பரிசோதனையில் குறையொன்றும் இல்லை. அவளுடைய பழைய பேருந்துத் தடம் திரும்பக் கிடைத்தது. வாராவாரம் அவர் போன் செய்கிறார்.

"எப்ப வருவே?"

"அந்த அறையில சொன்னதை அதே அறையில மாத்திச் சொல்லுங்க. மறுநாளே வர்றேன்."

அந்த அறை அவர் மேசையிலிருந்து கூப்பிடு தூரம்தான். அவர் இன்னும் போகவில்லை.