முழங்கை பட்ட இடம்

1981ஆம் வருடம் காணும் பொங்கலன்று, ஆரணிக் கோட்டை மைதானத்தில் நடந்த கபடிப் போட்டியில் மணவாளன் செத்துப்போனான். அவன் விழுந்ததை ஆயிரம் பேராவது பார்த்திருப்பார்கள். சற்று நேரத்தில் அவன் கண் திறந்ததைப் பார்த்ததும் அதே ஆயிரம் பேர்தான்.

மணவாளனுக்குக் கண்ணமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனி. சொந்த நிலம் கிடையாது. அறுப்புக் காலத்தில் கூலிக்குப் போவான், மற்ற நாட்களில் லாரியில் நெல் மூட்டை ஏற்றுவான். ஆனால் பாடிக்கொண்டு எதிராளியின் கோட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவனைத் தொட ஆளில்லை என்று வந்தவாசி வரைக்கும் பேர் வாங்கியிருந்தான். உடம்பில் எண்ணெய் தடவாமலே வழுக்குவான்.

எதிரே ஆடியது ஆரணி நெசவாளர் அணி. எல்லோரும் பட்டுத்தறி நெய்கிற பையன்கள். அவர்களில் வீரபாகு பிடிகாரன். அவனுக்கு இருபத்துநாலு வயது. நாள் முழுதும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதித்து மிதித்துத் தொடை இறுகியிருந்தது. பலகையை இழுத்து அடித்த தோள்கள் கல் மாதிரி இருந்தன. அவன் கையில் ஒரு கணுக்கால் சிக்கினால் மீளாது என்பார்கள்.

அன்றைக்கு மணவாளன் மீண்டான். முதல் பாதியில் நாலு பேர் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். அவன் புரண்டு, ஒரு காலை உருவி, எட்டி உதைத்துக் கோட்டைத் தொட்டான். அந்த உதை தருமனின் தோளில் விழுந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போன்ற சத்தம் மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. தருமன் வீரபாகுவின் தங்கையைக் கட்டியவன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரை எலும்பு முறிந்து தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஆட்டத்துல பட்டது, தப்பில்ல," என்றார் நடுவர்.

தருமனை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.  வீரபாகு மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான்.

இரண்டாம் பாதியில் மணவாளன் மறுபடி பாடி வந்தான். இம்முறை வீரபாகு அவன் இடுப்பைப் பிடித்துவிட்டான். இருவரும் விழுந்தார்கள். மணவாளனின் மூச்சு முட்டிப் பாட்டு விட்டது, நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் நின்றது. மணவாளன் கைகளை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். வீரபாகுவும் எழுந்துகொண்டிருந்தான். எழுகிற போக்கிலேயே, தருமனை நினைத்துக்கொண்டு, முழங்கையால் மணவாளன் நெஞ்சில் ஒரு இடி இடித்தான்.

அது பெரிய அடி இல்லை. கையை ஓங்கவே இல்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மணவாளன் நிமிர்ந்து நின்று, "இன்னாடா..." என்று சிரித்தபடி ஏதோ சொல்ல வந்தான். ஓர் அடி எடுத்து வைத்தான். பிறகு முகம் குப்புற விழுந்தான். விழும்போது கைகளை முன்னால் நீட்டவே இல்லை.

நடிக்கிறான் என்று கூட்டம் சிரித்தது. யாரோ புரட்டிப் போட்டார்கள். கண் பாதி திறந்திருந்தது, உதடு நீலம் பூத்திருந்தது. மூக்கருகே கை வைத்துப் பார்த்தவன் பின்னால் நகர்ந்து, "மூச்சில்ல," என்றான்.

அதன்பின் மைதானம் இரண்டாகப் பிரிந்தது. கிராமத்து ஆட்கள் கோட்டுக்குள் பாய்ந்தார்கள். நெசவாளர் அணியில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். வீரபாகு ஓடவில்லை. ஓட வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நாலைந்து பேர் அவன் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தார்கள். ஊரான் அடித்துக் காலனிக்காரன் செத்தான் என்ற சேதி பொழுது சாய்வதற்குள் எங்கெங்கே போகும், எந்தெந்தக் கூரை எரியும் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் பெண்கள் நின்ற பக்கமிருந்து செல்லியம்மாள் ஓடி வந்தாள். மணவாளனுக்கு அக்கா. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதய வார்டில் நர்ஸ். பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். புதுப் புடவை தடுக்க, அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தம்பியின் பக்கத்தில் மண்டி போட்டாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். பிறகு கையை மடக்கி, தலைக்குமேல் ஓங்கி, அவன் நடு நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினாள்.

கூட்டம் திடுக்கிட்டது. சாவு வீட்டில் பெண்கள் தங்கள் மாரில் அடித்துக்கொள்வதுண்டு. செத்தவன் மாரில் அடிப்பதை யாரும் பார்த்ததில்லை.

"பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சு! இஸ்துகினு வாங்க அவள!" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"யாரும் கிட்ட வராதீங்க! காத்து வுடுங்க!" என்றாள் செல்லியம்மாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி குத்தினாள். நாடி இல்லை. உடனே இரு கைகளையும் கோத்து அவன் நெஞ்சில் வைத்து அழுத்தத் தொடங்கினாள். அழுத்துவாள். நிறுத்தி, அவன் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுவாள். மறுபடி அழுத்துவாள். அம்மா சின்னபொண்ணு காலடியில் விழுந்து கிடந்து, "எம் புள்ளைய அடிக்காதடி, போனவன அடிக்காதடி," என்று அலறினாள்.

செல்லியம்மாள் ஒல்லி. சீக்கிரமே களைத்துவிட்டாள். "யாராவது வாங்க! எனக்குக் கை சோருது. அழுத்தறதுக்கு ஆள் வேணும்!"

ஒருவரும் அசையவில்லை. பிணத்தின் நெஞ்சில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

"நான் வரேன்," என்றான் வீரபாகு. அவன் வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது.

"நீயா? மிச்சத்தையும் முடிக்கறதுக்கா?" என்று அவனைப் பிடித்திருந்தவன் மறுபடி கை ஓங்கினான்.

செல்லியம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வுடுங்கடா அவன! ஜல்தி!"

விட்டார்கள். வீரபாகு எதிர்ப்பக்கம் மண்டி போட்டான். அவள் அவன் கைகளைப் பிடித்து இடம் காட்டினாள். "கைய மடக்காத. நேரா வை. ஒடம்பு கனத்த அப்பிடியே எறக்கு. இன்னும். இன்னும் ஆழமா!"

"ஒடஞ்சிடுங்க்கா..."

"ஒடஞ்சா ஒடையட்டும். எலும்பு கூடிக்கும். அழுத்து!"

அவன் அழுத்தினான். உள்ளங்கைக்குக் கீழே மனித நெஞ்சு இவ்வளவு இறங்கும் என்று அவன் நினைத்ததில்லை. ஒருமுறை அழுத்தியபோது கைக்கடியில் 'மடக்' என்று ஏதோ முறிந்தது. அவன் கையை எடுத்துவிட்டான்.

"நிறுத்தாத!" என்று அவள் கத்தினாள்.

அழுதுகொண்டே அழுத்தினான். இன்னொன்றும் முறிந்தது. அவள் ஊதினாள், அவன் அழுத்தினான். கூட்டம் மெல்லச் சத்தம் அடங்கிற்று. அடிக்க வந்தவர்கள் கையில் கழியோடு அப்படியே நின்றார்கள். பட்டாணி விற்கிறவன் அடுப்பை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

செல்லியம்மாள் சட்டென்று வீரபாகுவின் கையைத் தட்டிவிட்டாள். தம்பியின் கழுத்தில் விரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மணவாளனின் தொண்டையில் குறட்டை போல ஒரு சத்தம் எழுந்தது. நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. நீலம் பூத்த உதட்டில் ரத்தம் ஊறுவதை, வெள்ளைத் துணியில் சாயம் ஏறுவதைப் பார்ப்பது போல் எல்லோரும் பார்த்தார்கள். அவன் கண் திறந்து, அக்காவைப் பார்த்து, "பாட்டு வுட்டுடுச்சா?" என்று கேட்டான்.

யாரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கழற்றினார்கள். ஏன் கழற்றினோம் என்று கேட்டிருந்தால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மணவாளனை ஜீப்பில் ஆரணி ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுபோனார்கள். வீரபாகுவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

"அடிச்சியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அடிச்சேங்க."

"கோவத்துலயா?"

"ஆமாங்க."

"எவ்ளோ பலமா அடிச்சே?"

 வீரபாகு அதே மாதிரி முழங்கையால் ஸ்டேஷன் கதவை இடித்துக் காட்டினான். கதவு ஆடக்கூட இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் கதவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "வெளையாடறியா?" என்றார். ஆனால் மேற்கொண்டு அவனை யாரும் அடிக்கவில்லை. மறுநாள் பெரியவர்கள் வந்து ஜாமீனில் எடுத்தார்கள்.

வீட்டில் அவன் தறியில் உட்காரவில்லை. தருமன் தோளில் கட்டோடு வந்து பேசிப் பார்த்தான். "எனக்குத்தான் நல்லா பட்டுச்சு. நான் சாவலியே மச்சான்," என்றான். அதைத்தான் வீரபாகுவால் ஜீரணிக்க முடியவில்லை. ஊரே கேட்க எலும்பு முறிந்தவன் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். சத்தமே இல்லாமல் பட்டவன் செத்துப்போனான்.

அடுத்த வாரக் கடைசியில் அவன் தனியாக வேலூருக்குப் பஸ் ஏறினான்.

ஆஸ்பத்திரி வாசலில் செல்லியம்மாளைக் கண்டுபிடித்தான். வெள்ளை உடுப்பில் அவள் வேறு ஆளாக இருந்தாள். அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, வார்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நரைத்த மீசையும் தூங்காத கண்களுமாக இருந்தார் டாக்டர்.

"நீங்கதான் அடிச்சவரா?"

"அடிச்சதும் நான்தாங்க. அழுத்துனதும் நான்தாங்க."

டாக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். வீரபாகு உட்காரவில்லை. தருமன் தோள் முறிந்ததையும், கதவை இடித்துக் காட்டியதையும் சொன்னான். "அந்த அடியில ஆள் எப்படிங்க சாவான்?"

"உங்க மச்சானுக்கு விழுந்த உதை பெரிசு," என்றார் டாக்டர். "ஆனா அந்த பலமெல்லாம் எலும்பை முறிக்கறதுலயே செலவாயிடுச்சு. முறிஞ்ச எலும்பு அடியை வாங்கிக்கிச்சு, உள்ள விடல. உங்க முழங்கை சின்னது, கூர்மை. பட்டது சரியா இதயத்துக்கு மேல. எதுவும் முறியல. அதனால அந்த இடி அப்படியே உள்ள போச்சு."

"உள்ள போனாலும் அவ்ளோதானேங்க? கதவே ஆடலியே."

"அதுக்கு மேல ஒண்ணு இருக்கு." டாக்டர் தன் கையை மடக்கி மடக்கி விரித்தார். "இதயம் இப்படிச் சுருங்கும். அப்புறம் அடுத்த துடிப்புக்கு தன்னைத் தயார் பண்ணிக்கும். அந்தத் தயாராகிற நேரத்துக்குள்ள ஒரு சின்ன இடுக்கு. கண் சிமிட்டற நேரத்துல ஒரு சின்ன பங்குதான். அந்த இடுக்குல, அந்த இடத்துல ஒரு தட்டு விழுந்தா, இதயம் துடிக்கிறதை விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிச்சிடும். ரத்தம் ஓடாது. உங்க அடி கொஞ்சம் முன்னாடி விழுந்திருந்தா, இருமிட்டு எழுந்து உங்களைத் திருப்பி அடிச்சிருப்பான். கொஞ்சம் பின்னாடி விழுந்திருந்தாலும் அப்படித்தான்."

வீரபாகுவுக்குத் தன் தறி நினைவுக்கு வந்தது. பாவு நூல்கள் விலகித் திறக்கிற கணத்தில், ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடா ஓட வேண்டும். காலும் கையும் மயிரிழை தவறினாலும் நாடா இழைகளில் சிக்கி அத்தனையும் அறுந்து தொங்கும். இப்போது தன் நெஞ்சுக்குள்ளும் அப்படி ஒன்று, தூங்கும்போதுகூட நிற்காமல், திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறது என்கிறார் இந்த டாக்டர். எதிரில் நிற்கிற எல்லோருக்குள்ளும்.

"அப்போ அக்கா குத்துனது?"

"நடுங்கற இதயத்தை ஒரு குத்து சில சமயம் நேராக்கும். பெரும்பாலும் ஆகாது. இவனுக்கு உடனே ஆகல. ஆனா இவங்க விடல, நீங்களும் விடல. நீங்க அடிச்சதுல எலும்பு முறியல. காப்பாத்தினப்போ ரெண்டு முறிஞ்சிருக்கு. விழவெச்ச பலத்தைவிட எழுப்பின பலம் பல மடங்கு." டாக்டர் சற்று நிறுத்தினார். "கருவியெல்லாம் வெச்சுகிட்டு நாங்க இங்கேயே எத்தனையோ பேரை இழந்திருக்கோம். மண்ணுல கெடந்தவன் எப்படித் திரும்பினான்னு கேட்டீங்கன்னா, எனக்கே முழுசாத் தெரியல."

வெளியே வந்ததும் வீரபாகு, "அப்போ எம்மேல தப்பில்லியா அக்கா?" என்று கேட்டான்.

"தப்புதான்," என்றாள் செல்லியம்மாள் உடனே. "விசில் அடிச்ச பின்னால அடிச்சியே, அது தப்பு. அந்தக் கோவம் உன்னுது. ஆனா சாவடிக்கற அடி நீ அடிக்கல. போலீசு வந்து கேட்டப்பவும் இதத்தான் சொன்னேன், ரெண்டயும்."

மணவாளன் நெஞ்சைச் சுற்றிக் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வீரபாகுவைக் கண்டதும், "தருமன் தோள் எப்பிடி கீது?" என்று கேட்டான். பதில் வந்த பிறகு, "கேஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். எங்காலால ஒருத்தன் தோள் ஒடஞ்சுது, அதுக்கு எவன் கேஸ் போட்டான்?" என்றான். சிரிக்கப் போய் வலியில் முகத்தைச் சுளித்தான். "உன் அடி ஒண்ணுமே தெரியலய்யா. நீ அழுத்துனதுதான் உசுரு போவுது."

வீரபாகு கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். செல்லியம்மாள் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவன் காதில் மாட்டினாள். மறு முனையைத் தம்பியின் நெஞ்சில், கட்டுக்கு மேலே, இடப்பக்கம் வைத்தாள்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கேட்டது. தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல, இரண்டிரண்டாக. தட்டியது, நின்றது, தட்டியது. நிற்கிற ஒவ்வொரு முறையும் வீரபாகுவின் மூச்சும் நின்றது. இங்கேதான், இந்த இடைவெளியில்தான் எங்கோ தன் முழங்கை விழுந்தது என்று நினைத்தான். ஆனால் அது அடுத்த முறையும் தட்டியது. அதற்கடுத்த முறையும். யாரும் சொல்லாமல், யாரும் மிதிக்காமல்.

"போதும்யா. இன்னும் எத்தினி நேரம் கேப்ப?" என்றான் மணவாளன்.

வீரபாகு அசையவில்லை. செல்லியம்மாள்தான் மெல்ல அதைக் காதிலிருந்து எடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்போது கண்டக்டர் அவனருகே குனிந்தார். "இன்னாய்யா, அப்போலேர்ந்து நெஞ்சையே புடிச்சிகினு கீற? வலிக்குதா?"

"இல்லீங்க," என்றான் வீரபாகு, கையை எடுக்காமலே. "ஓடிகினு இருக்குது."