தோளில் வைத்த கை

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று என் வீட்டுக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்டால்தானே! பையனுக்குப் பெண் பேசி முடித்ததிலிருந்து எனக்கு ஒரே கிறுக்கு. பெண்வீட்டின் முன்னோர்கள் வேலை பார்த்த பஞ்சு மில்லிலேயே எங்கள் முன்னோர்களும் இருந்தார்கள் என்று தெரியவந்தது. அப்படியானால் அங்கே நம் ஆட்கள் யார், என்ன உத்தியோகம் என்று கண்டுபிடித்துக் கல்யாணத்தன்று நாலு பேர் காதில் போட்டே ஆக வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

சொந்தக்காரர் ஒருவரை விடவில்லை. பாதிப் பேருக்குத் தாத்தா பெயரே தெரியவில்லை. மீதிப் பேர் ஆளுக்கொரு கதை அளந்தார்கள். மில்லைக் கட்டியதே நாங்கள்தான் என்றார் ஒருவர், வாய் கூசாமல். கடைசியில் என் சித்தப்பாதான் பீரோவைக் குடைந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளிச் சங்கிலி. சாவி கொடுத்தால் இன்னும் ஓடியது.

"எங்க பாட்டியோடது. மில் முதலாளி குடுத்த பரிசு."

"எதுக்காம்?"

"பொம்பளைங்களுக்கெல்லாம் மேல அவங்கதான் இருந்தாங்க. அவங்க இருந்த வரைக்கும் ஒரு கிள்ளு பஞ்சு வெளிய போனதில்லையாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கொள்ளுப்பாட்டி அந்தக் காலத்திலேயே சூப்பர்வைசர்! கடிகாரத்தை மாட்டிக்கொண்டவள்தான், தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. யாரும் மணி கேட்காதபோதும் மணி சொன்னேன்.

சம்பந்தியம்மா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை: இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்கும் மூலைக்கு ஒரு திரை. வார்த்தையை எண்ணிப் பேசுகிற ஆள். பெண் பார்க்கப் போன அன்றே என்னைச் "சம்பந்தி" என்று கூப்பிட்டுவிட்டார். என் வாய்க்கு எங்கேயும் அவ்வளவு சீக்கிரம் உறவு கிடைத்ததில்லை. கல்யாணத்துக்கு என் ரவிக்கையைத் தானே தைப்பதாகச் சொல்லி அளவுக்கு வரச்சொல்லியிருந்தார்.

கிளம்பும்போது பையன் வாசலில் மறித்தான்.

"அம்மா, அங்க போய் வாயை மட்டும் கொஞ்சம் கட்டிப் போடு. போன சம்பந்தம் எப்படிக் கெட்டுச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல? இதுவும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்."

அவன் சிரிக்கவில்லை.

திரையை இழுத்துவிட்டுச் சம்பந்தி டேப்பை எடுத்தார். நான் பழக்கத்தில் கையைத் தூக்கினேன்.

"வேணாம் சம்பந்தி. கையை என் தோள் மேல வைங்க."

"இதென்ன புது அளவு? எல்லா டெய்லரும் கையைத் தூக்குன்னுதான் சொல்வாங்க. நீங்க என்னடான்னா டான்ஸ் ஆடக் கூப்பிடற மாதிரி..."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்ல பாட்டி காலத்துலேர்ந்து இப்படித்தான். இந்த மெஷினுக்கு முன்னாடி யாரையும் கையைத் தூக்கச் சொல்லக் கூடாது."

"ஏனாம்?"

டேப்பை என் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தபடியே சொன்னார்.

"எங்க பாட்டியோட அம்மா மில்லுல பஞ்சு பொறுக்கினவங்க. இலை, தூசி, கெட்ட பஞ்சு எல்லாம் பிரிச்சுப் போடணும். சாயங்காலம் கேட்ல சோதனை. அதுக்குன்னே ஒருத்தி இருந்தா. 'கையைத் தூக்கு'ம்பா. தூக்கினா இடுப்பு, மடிப்பு, எல்லா எடத்துலயும் கையை விடுவா. ஒரு நாள் அவங்களுக்கு வேலை நேரத்துலயே மாசவிலக்கு வந்துடுச்சு. தூக்கிப் போடற கழிவுப் பஞ்சுல ஒரு பிடி எடுத்து வெச்சுக்கிட்டாங்க. அவ அதை வெளிய இழுத்து, ஆம்பளைங்க நிக்கற பக்கம் திரும்பி எல்லாருக்கும் காட்டினா."

டேப் என் மார்பில் நின்றது.

"அப்பவும் இவங்க கை ரெண்டும் மேலதான் இருந்துச்சாம். மறுநாளே மில்லை விட்டுட்டுத் தையல் கத்துக்கிட்டாங்க."

"யாரு அந்தப் பாவி?" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

"பேரு தெரியாது. வாட்ச்சம்மான்னுதான் சொல்வாங்க. மில்லுலயே வாட்ச் கட்டின பொம்பளை அவ ஒருத்திதானாம். கண்ணை மூடிக்கிட்டு நின்னாலும் அவ கை எங்க இருக்குன்னு தெரியுமாம். அந்தச் சங்கிலி வயித்துல சில்லுன்னு படும்."

என் இடது கை அவர் தோளில் இருந்தது. சங்கிலி அவர் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கிள்ளு பஞ்சு வெளியே போனதில்லையாம். இதை எத்தனை வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன்! வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளறையில் பெண் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள், என் பையனோடுதான். பேசாமல் இருந்துவிட்டால் ஒன்றுமே இல்லை. கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்த வாயை மூடினேன் என்று பையன் மெச்சிக்கொள்வான். ஆனால் அந்தச் சங்கிலி அவர் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். சங்கிலியின் கொக்கி லேசில் கழலவில்லை; ஒருவழியாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"சம்பந்தி, அந்த வாட்ச்சம்மா என்னோட கொள்ளுப்பாட்டி. இது அவங்க வாட்ச்தான். பரிசா வந்ததுன்னாங்க. எதுக்குக் குடுத்தாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல. பெருமையா மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தொடவில்லை. டேப்பின் ஒரு முனை தரையில் கிடந்தது.

"கையைத் தூக்குங்க" என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை.

தூக்கினேன். மூடிய கைக்குள் கடிகாரம் இருந்தது. எதிரே கண்ணாடியில் நரைத்த தலையோடு ஒரு பொம்பளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சம்பந்தி மார்பை அளந்தார், இடுப்பை அளந்தார், மறுபடி மார்பை அளந்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போய்விட்டார் என்றால் கையை இறக்கிக்கொள்ளலாம்தான். தோள் கடுத்தது. இறக்கவில்லை. பையனின் கல்யாணம் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உள்ளறையில் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கவும் கை இல்லை.

திரை விலகியது. சம்பந்தி முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். இன்னும் தூக்கியபடியே இருந்த என் கைகளைப் பார்த்தார்.

"எறக்குங்க சம்பந்தி" என்றார். "எங்க ஆளுக்குத்தான் அதைச் சொல்ல அன்னைக்கு ஒருத்தரும் இல்ல."