கூடை வராத வீடு

யூதர்களின் பூரிம் பண்டிகையன்று அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் தின்பண்டக் கூடை கட்டுவதில் ஃப்ரூமாவை அடித்துக்கொள்ள மெல்பர்னின் கால்ஃபீல்டில் ஆள் கிடையாது. கசகசா அடைத்த முக்கோண பிஸ்கட், வறுத்த பாதாம், சின்ன பாட்டிலில் திராட்சைச் சாறு, அவளே சுட்ட தேன் கேக். சாக்லேட் மட்டும் வைக்கமாட்டாள். மார்ச் வெயிலில் அது வாசல் தாண்டுவதற்குள் கூழாகிவிடும். அதையும் வைத்து அனுப்புகிற மேதாவிகளை நினைத்தாலே அவளுக்கு எரிச்சல் வரும்.

காலையில் மருமகள் டோவா ரிப்பன் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“அத்தை, எதிர்வீட்டு பெர்லா ஆன்ட்டிக்கு எந்தக் கூடை?”

“அவ துக்கத்துல இருக்கா. துக்கத்துல இருக்கறவங்களுக்கு அனுப்பக் கூடாது. வருஷம் திரும்பட்டும்.”

பெர்லாவின் கணவர் ஹெர்ஷல் போய் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்தத் தெருப் பெண்கள் இரண்டு நாளாகவே இதே கேள்வியை ஃப்ரூமாவிடம் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவள் இதையேதான் சொன்னாள். ஃப்ரூமா சொன்னால் அந்தத் தெருவில் மறுபேச்சு இல்லை. மதகுருவான ரப்பிக்கு போன் செய்து கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பகல் முழுக்க ராணி வேடமும் சிங்க வேடமும் போட்ட பிள்ளைகள் கூடைகளோடு வீடுவீடாக ஓடினார்கள். ஃப்ரூமாவின் மேசை நிறைந்து, வந்ததெல்லாம் சோபாவுக்கும் ஏறிவிட்டது. மாலை விருந்துக்கு மகன்களும் பேரப்பிள்ளைகளும் உட்காரப்போகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பெர்லா நின்றிருந்தாள், கையில் கூடையோடு.

ஃப்ரூமாவுக்கு அதில் வியப்பில்லை. துக்கம் காப்பவர்கள் வாங்கத்தான் கூடாது, கொடுத்தே ஆக வேண்டும். கூடையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கூடை கொடுக்க முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, ஆனால் சட்டம் அப்படி இருக்கிறதே என்று இழுத்தாள்.

“எந்தச் சட்டம்?” என்றாள் பெர்லா.

ஃப்ரூமா கூடையின் ரிப்பனை நீவிவிட்டாள்.

“வருஷம்ங்கறது பெத்தவங்களுக்குப் பிள்ளைங்க காக்கறது. பொண்டாட்டிக்கு முப்பது நாள்தான். அவருக்கு வருஷம் காக்க எங்களுக்குப் பிள்ளையும் இல்ல. என்னைக் காக்கச் சொல்லியிருந்தா சந்தோஷமா காத்திருப்பேன். சொல்லலையே. முப்பதாம் நாள் எழுந்துட்டேன். நீங்கதான் என்னை இன்னும் உக்கார வெச்சிருக்கீங்க.”

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டாள்.

ஃப்ரூமாவுக்கு இது தெரியாத சட்டமா? சொந்தத் தம்பி செத்தபோது முப்பது நாள் காத்து எழுந்தவள்தானே. தெரிந்ததுதான் வசதியாக மறந்துபோயிருந்தது. ஏழு நாள் துக்கத்தில் தினமும் போனவள், அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை. தன் வீட்டில் கணவர் நஃப்தாலி இருமிக்கொண்டும் திட்டிக்கொண்டும் உயிரோடு இருக்க, அந்த வீட்டுக் காலி நாற்காலியைப் பார்க்க அவளால் முடியவில்லை. இப்போது வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

பொழுது சாய்வதற்குள் கொடுத்தால்தான் கணக்கு. கட்டிய கூடைகள் எல்லாம் போய்விட்டன. மற்றவர்கள் கொடுத்ததை எடுத்து நீட்ட மனம் வரவில்லை. சமையலறையில் முதலில் கைக்கு அகப்பட்டது அவித்த முட்டை. கல்லறையிலிருந்து திரும்பிய அன்று பெர்லாவுக்கு அவள் ஊட்டியதும் முட்டைதான், துக்க வீட்டின் முதல் சாப்பாடு. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

விருந்துக்கென்று வைத்திருந்த இறைச்சியில் நடுத்துண்டை வெட்டித் தட்டில் வைத்தாள். பக்கத்தில் ஆப்பிள் பணியாரம். நஃப்தாலி, “எங்க போற, எல்லாரும் பசியோட உக்காந்திருக்கோம்” என்றதற்கு, பசித்தால் தின்னுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பெர்லாவின் மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. வருகிற கூடைகளை வைக்க இடம் ஒழித்து, பூச்சாடியைக்கூட ஓரமாக நகர்த்தி வைத்திருந்தாள். மேசையில் வேறொன்றும் இல்லை. ஃப்ரூமா தட்டை அதன்மேல் வைத்தாள்.

“தெருவுல யாரும் வராதது என்னாலதான். நான்தான் கூடாதுன்னு சொன்னேன்.”

“தெரியும். இந்தத் தெருவுக்கு வேற யாரு ரப்பி?”

“சட்டம் ஒண்ணும் இல்ல பெர்லா. எனக்கு உன் மூஞ்சியப் பாக்கப் பயமா இருந்துச்சு.”

பெர்லா தட்டைத் துணியின் நடுவுக்கு நகர்த்தினாள்.

“எனக்கும் என் மூஞ்சியப் பாக்கப் பயம்தான்” என்றாள். “ஆனா உங்கள மாதிரி போய்க் கதவ சாத்திக்க எனக்கு எதிர்வீடு இல்லையே.”

ஜன்னலில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. பெர்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்ததை, ஹெர்ஷல் உட்கார்கிற நாற்காலியை, ஃப்ரூமாவின் பக்கம் தள்ளினாள்.