புழுவெட்டு

தன் தாடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வழுக்கை விழுந்ததைத் தம்பி கண்டுகொள்ளவில்லை. அண்ணன் கண்டுகொண்டான். இருவரும் சேர்ந்து நடத்தும் சலூன் அது. கண்ணாடிக் கதவை ஒட்டிய முன் நாற்காலி தம்பியுடையது. தெருவில் போகிறவர்கள் அவன் கைவேலையைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள்.

“புழுவெட்டுடா. பிளேடுல ஒட்டிக்கும்னு கஸ்டமர் ஓடிருவான். உள்ள போய் டவல் அலசு.”

“அது ஒட்டாது. எந்த டாக்டரை வேணா கேளு.”

“கஸ்டமர் டாக்டரைக் கேக்கமாட்டான். எழுந்து போயிருவான்.”

மறுநாள் முன் நாற்காலிக்குப் பின்னால் அண்ணனின் மச்சான் நின்றான். போன வருஷம் வரை கத்தரியைத் தொட்டறியாதவன்.

தோல் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இரும்புச்சத்து அடிமட்டத்தில் கிடந்தது. அண்ணனுக்கு இது பிடித்துப்போனது. வருகிறவர்களிடமெல்லாம், “ஒண்ணுமில்ல சார், இரும்பு கம்மி. ஏத்திட்டா முடி தானா வந்துரும்” என்றான். தம்பியிடம், “ஏத்திட்டு வா. நாற்காலி உனக்குத்தான்” என்றான்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. “புழுவெட்டு வேற கணக்கு. உங்க உடம்பே முடி வேரைப் பகையாளின்னு நினைச்சு அடிக்குது.”

“எங்க கடை மாதிரி.”

“இது இருக்கிறவங்கள்ல சிலருக்கு இரும்பும் கம்மியா இருக்கும். அதை ஏத்தினா முடி வரும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா ஆம்பளைக்கு இரும்பு சும்மா இவ்வளவு குறையாது. வயிறு எரியுமா?”

மச்சானை நினைத்துக்கொண்டு, “தினமும்” என்றான் தம்பி.

“மலம் கறுப்பாப் போகுதா?”

போனது. தம்பி தலையாட்டினான்.

“வலி மாத்திரை ஏதாவது?”

முதுகுவலிக்கு அண்ணன் கொடுப்பான். கூட்ட நேரத்தில் தம்பி இடுப்பில் கை வைத்தால் போதும், வெறும் வயிறு என்றும் பார்க்காமல் ஒன்றை நீட்டுவான். “போட்டுட்டு நில்லுடா.”

குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மாத்திரை நின்றது. புண் ஆறியது. இரும்பு ஏறியது. வழுக்கையும் தாடியிலிருந்து தலைக்கு ஏறியது.

“இரும்பு சரியாயிருச்சு. நாற்காலியை விடு.”

“முடி எங்கடா?”

“நீ கேட்டது இரும்பு.”

“கஸ்டமர் என்ன, உன் ரத்தத்தைப் பாத்தா உக்காருவான்?”

“என் வயித்தைப் புண்ணாக்கினதே உன் மாத்திரைதான்.”

“நானா ஊட்டிவிட்டேன்? வலிக்குதுன்னு முனகினே. குடுத்தேன்.”

மச்சான் சீப்பைத் துடைத்தான். “அத்தான், நான் வேணா…”

“நீ வாயை மூடு” என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

தம்பி கத்தரியை எடுத்துக்கொண்டு முன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். முதலில் வந்தவர் அவன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் பக்கம் போனார். அடுத்தவரும் அப்படியே. மத்தியானம் ஒருவர் செல்போனிலிருந்து தலை நிமிராமல் வந்து உட்கார்ந்தார். துணி போர்த்தியபின் கண்ணாடியில் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“இது ஒட்டுமா?”

“ஒட்டாது சார்.”

“இங்க வந்துருங்க சார்” என்றான் அண்ணன்.

அவர் எழுந்தார். தம்பி துணியை அவிழ்த்துவிட்டான்.

கடை சாத்தும்போது சொன்னான்: “நாளைக்கும் இங்கதான் நிப்பேன்.”

“நில்லு. ஒரு தலைகூடக் கிடைக்காது.”

“கிடைக்கிற வரைக்கும் நிப்பேன்.”

அண்ணன் அந்த நாற்காலிக்கு மேலிருந்த விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான்.