சந்தைக்குப் போன குட்டி

கருங்கல் ஊருக்கு மேற்கே ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஜான்ரோஸுக்கு, சீமைக்குக் கப்பலேறிய எஸ்டேட் துரை ஒருவன் ஆணும் பெண்ணுமாக இரண்டு சீமை நாய்க்குட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனான். தாய்ப்பால் மறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஜான்ரோஸ் வீட்டுக்குள் காலுறையோடு நடந்தார். "கமான், கமான்" என்று குட்டிகளைக் கூப்பிட்டார். அவை திரும்பியும் பார்க்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்த மிருக டாக்டர் பகவதியப்பன் குட்டிகளைத் தூக்கிப் பார்த்தார்.

"தெருநாய்களிட்ட ஒரு காய்ச்சல் பரவிட்டிருக்கு. குட்டிகள்னா பிழைக்காது. சீமையிலேர்ந்து ஊசிமருந்து வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு ஊசியும் போட்டு முடியுத வரைக்கும் முத்தத்தத் தாண்டி வெளிய விடாதீங்க. கஞ்சியில எலும்புச்சாறு ஊத்திக் கொஞ்சங்கொஞ்சமா குடுங்க."

"தெருநாய்க்கு வாறது இதுக்கு வருமா டாக்டரே? ரத்தம் வேறல்லா!" என்று ஜான்ரோஸ் சிரித்தார். அவர் மனைவி ஜெபகுமாரி சிரிக்கவில்லை.

மருந்து வருவதற்குள் சந்தைநாள் வந்தது. ஜான்ரோஸ் ஆண்குட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். பெண்குட்டியையும் கேட்டார். ஜெபகுமாரி தரவில்லை. சந்தையில் மீன்காரர் முதல் வெற்றிலைக்காரர் வரை எல்லோருக்கும் குட்டியைக் காட்டினார். பெரிய அதிகாரியான பேஷ்காருக்கு அதைப் பரிசளிக்கப்போவதாகவும் சொன்னார். குட்டி இறங்கித் தெருநாய்களோடு சேர்ந்து மீன்கழிவை நக்கியபோது, "பயமே கிடையாது, பாத்தியளா!" என்று பூரித்தார்.

அவர் திரும்பியபோது ஜெபகுமாரி பெண்குட்டியை நெல்லறைக்கு மாற்றியிருந்தாள். மறுவாரம் ஆண்குட்டிக்குக் கண் பீளை தள்ளியது, மூக்கு ஒழுகியது. அதைத் தொட்டுவிட்டால் குளித்துச் சேலை மாற்றாமல் அவள் நெல்லறைக்குள் போகவில்லை.

"குட்டிக்குத் தடுமம். அதுக்கு இந்த ஆட்டமா?" என்றார் ஜான்ரோஸ்.

பகவதியப்பன் மருந்தோடு வந்த காலையில், ஜான்ரோஸ் நோயாளிக் குட்டியின் கண்ணையும் மூக்கையும் ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, முதலில் அதையே கொண்டுவந்து நிறுத்தினார். டாக்டர் அதன் அடிவயிற்றில் கைவைத்ததும் நிமிர்ந்தார்.

"மூக்கத் தொடச்சிட்டீரு. காய்ச்சல எத வச்சுத் தொடைப்பீரு?"

"எனக்காவப் போடும். பேஷ்காருக்கு வாக்குக் குடுத்தாச்சு."

"சீக்குல கெடக்கதுக்கு இதப் போடமுடியாது."

பெண்குட்டிக்கு மட்டும் ஊசி போட்டார். மற்றது சில நாளில் வலிப்பு வந்து செத்தது. அப்போது ஜான்ரோஸ் வீட்டில் இல்லை. ஜெபகுமாரி பலாமரத்தடியில் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்து, அது கிடந்த சாக்கை எரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஆண்கள் கூடி நின்றார்கள். ஜான்ரோஸ் நடுவில் நின்று, "அந்த டாக்டர் ஊசியப் போட்டுக் கொன்னுட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கமிருந்து ஜெபகுமாரி நேரே வந்தாள்.

"அதுக்கு ஊசியே போடல்ல. ஊசி போட்டது உயிரோட இருக்கு. செத்தத இவிய சந்தையில கொண்டுபோய்க் கொன்னாவ."

ஜான்ரோஸ் தன் வேட்டிக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் ஊசியும் போட்டாயிற்று. சில வாரங்களில் டாக்டர் சம்மதம் சொன்னபின், ஜெபகுமாரி நெல்லறைக் கதவைத் திறந்துவிட்டாள். குட்டி முற்றமெல்லாம் ஓடிவிட்டு, ஜான்ரோஸின் காலடியில் போய் மல்லாந்து படுத்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியாட்டி, எனக்கிட்டதான் வருது."

"நல்ல ஆளு மோசமான ஆளுன்னு அதுக்குத் தெரியாதுல்லா" என்று சொல்லிவிட்டு, அவள் கஞ்சி எடுக்க உள்ளே போனாள்.