ஒற்றைப் பக்கப் பை

ஈவாஞ்சலின் கேட்டது சைக்கிளில் மாட்ட ஒரு பை. ஜெயசிங் அண்ணாச்சி அதற்காகக் கடையில் தொங்கியதை எல்லாம் கீழே இறக்கிப் பரப்பிவிட்டார். அவர் சுபாவம் அப்படி. ஒரு ஆணி கேட்டால்கூட, சுவரில் அடிக்கவா பலகையில் அடிக்கவா என்று விசாரிக்காமல் கொடுக்க மாட்டார்.

"என்ன பாரம் ஏத்துவிய தங்கச்சி?"

பிரஷர் பார்க்கிற மெஷின், சர்க்கரை பார்க்கிற மெஷின், கட்டுக் கட்டாக மாத்திரை. துறைமுகத்துக்குப் பின்னால் உப்பளத்தை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகப் போய் முடியாதவர்களுக்கு மாத்திரை கொடுப்பது அவள் வேலை. இதுவரை எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். தோள் வீங்கிவிட்டது. போதாததற்கு இன்னும் சில தெருக்களை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். நர்ஸ் சந்தனச்செல்வி பட்டென்று சொல்லிவிட்டாள்: "பைய வண்டில வச்சுக் கொண்டுபோனா இந்த வேலையில இரு. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

வேலை போனால் அடுப்பு எரியாது என்றில்லை. கணவன் வில்பிரட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஆனால் மகள் பெர்சிஸ் போன பிறகு கட்டிலோடு கிடந்த ஈவாஞ்சலினைத் தெருவில் நடமாட வைத்தது அந்த மாத்திரைப் பைதான். அது போனால் மறுபடியும் அதே கட்டில். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கேரியர் மேல மூடி போட்ட பெட்டி. நாலு போல்ட்டு. மழ பெஞ்சாலும் மாத்திர நனையாது" என்றார் ஜெயசிங். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கேரியரைப் பார்த்தார். அதில் பூப்போட்ட துணியில் தைத்த சின்ன மெத்தை ஒன்று நாடாவால் கட்டியிருந்தது. வெயிலில் பூவெல்லாம் வெளுத்திருந்தது. "இதக் கழத்திருவோம்" என்று நாடாவில் கை வைத்தார்.

"தொடாதிய அண்ணாச்சி!"

அவள் போட்ட சத்தத்தில் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்து வாசலில் நின்ற வில்பிரட் திரும்பிப் பார்த்தான்.

அந்த மெத்தையில் உட்கார்ந்துதான் பெர்சிஸ் பள்ளிக்கூடம் போவாள். இரண்டாம் வகுப்பு. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளை வீடு திரும்பவில்லை. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் மேம்பாலம் ஏறும்போது இன்றைக்கும் பின்னால் கனக்கிறது. அது ஒரு சின்னப் பிள்ளையின் கனம். இறக்கத்தில் முதுகில் ஒரு நெற்றி வந்து சாய்கிறது. அதற்கு ஈவாஞ்சலின் பயப்படவில்லை. ஒருநாள் கனக்காமல் போய்விடுமோ என்பதுதான் அவள் பயம்.

யாரிடம் சொல்வாள்? சாயர்புரத்து வாத்தியார் மகள் அவள். ஆவி, பேய் எல்லாம் அஞ்ஞானம் என்று ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த வாய் அவளுடையதுதான். போதகரிடம் சொன்னால் வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று ஜெபிப்பார். அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் அவள் வாயே திறக்கவில்லை.

வில்பிரட்டிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். அவன் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன். "மரிச்சவுக கர்த்தருக்குள்ள நித்திரையா இருக்காவ ஏளா. கேரியர்லயா இருக்காவ?" என்றான். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. முன்பெல்லாம் தாயும் மகளும் கிளம்பும்போது, "ஏ பெர்சிஸ், அம்மா இடுப்பக் கெட்டியாப் புடிச்சுக்கோ!" என்று தெருவே கேட்கும்படி கத்துவான். இப்போது அவள் சைக்கிளை எடுக்கிற நேரத்தில் வாசல் பக்கமே வருவதில்லை.

"சரி, முன்னால கூட மாட்டுவமா?" என்றார் ஜெயசிங்.

"மாட்டிப் பாத்தாச்சு அண்ணாச்சி. உப்பளக் காத்துல ஹேண்டில் திருகி விழுந்துட்டேன்." முழங்கைத் தழும்பைக் காட்டினாள்.

"அப்ப ரெண்டு பக்கமும் தொங்குத பை. சக்கரத்துல உரசாம கம்பி தடுத்து நிக்கும். கேரியர் மேல காலியாவே கெடக்கும்."

அவளுக்கு உயிர் வந்தது. அவர் இரண்டு பைகளையும் மாட்டினார். ஈவாஞ்சலின் குனிந்து பார்த்தாள். மெத்தையின் இரண்டு பக்கமும் பை அடைத்துக்கொண்டு நின்றது.

"கால எங்க வைக்கும்?" வாய்தவறி வந்துவிட்டது.

"யாரு கால?"

வில்பிரட்டின் தாடை இறுகியது. "பெட்டியவே மாட்டுங்க அண்ணாச்சி. இவ இத இப்படியே வச்சுக்கிட்டு இருந்தா பைத்தியந்தான் புடிக்கும்."

"நீங்க சும்மா இருங்க!" என்று சீறினாள். கண்ணில் நீர் முட்டியது. அந்த ஆத்திரத்துக்கு நடுவில்தான் அவளுக்குப் பெர்சிஸின் பழைய நச்சரிப்பு ஞாபகம் வந்தது. 'அம்மா, நானும் பெரிய அக்கா மாதிரி ஒரு பக்கமாக் கால் போட்டு உக்காருதேன்.' விழுந்துவிடுவாய், பெரியவளான பிறகு பார்க்கலாம் என்று தினமும் மறுத்தாள். பெரியவளாக அந்தப் பிள்ளைக்கு எங்கே நேரம் இருந்தது!

"வலது பக்கம் ஒரு பை போதும் அண்ணாச்சி. இடது பக்கத்தக் கழத்திருங்க."

"ஒத்தப் பையா? நேரா ஓட்டவே முடியாதும்மா." ஜெயசிங்குக்குச் சொன்னால் மட்டும் போதாது, செய்தும் காட்ட வேண்டும். எல்லாச் சாமானையும் வலப்பக்கப் பையில் திணித்து, டீக்கடை வரை ஓட்டிப் போனார். வண்டி வலப்பக்கமாக இழுக்க, அவர் இடப்பக்கமாகச் சாய்ந்து, குடித்தவரைப் போலத் திரும்பி வந்தார். "பாத்தியளா? அந்தப் பக்கம் ஒரு செங்கலாவது கட்டணும்."

"கிரேனே எதிர்ப்பாரம் இல்லன்னா சாஞ்சிரும் ஏளா. சைக்கிள் எம்மாத்திரம்?" என்றான் வில்பிரட். இந்தமுறை அவன் குரல் கெஞ்சியது.

ஈவாஞ்சலின் மெத்தையை நீவிவிட்டாள். சைக்கிளில் ஏறி மிதித்தாள்.

கடை தாண்டியது. டீக்கடையும் தாண்டியது. அவள் இழுப்புக்காகக் காத்திருந்தாள். இழுப்பு வரவில்லை. உப்பளச் சாலையில் திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. அப்போதும் ஹேண்டில் நடுங்கவில்லை. உப்புத்தூள் கண்ணில் விழ, ஒரு கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். அப்போதுகூட வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

விழுந்தால் பிடிக்கலாம் என்று வில்பிரட் மோட்டார் சைக்கிளில் ஒட்டியே பின்னால் வந்துகொண்டிருந்தான். சத்தம் நெருங்கியது. பிறகு வலப்பக்கமாக வந்து அவளோடு சேர்ந்து மெல்ல ஓடியது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கனத்துத் தொங்கும் பையைப் பார்த்தான். நிமிர்ந்து ஓடும் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு மெத்தையையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் முகம் உடைந்துகொண்டிருந்தது.

முன்னால் வேகத்தடை வந்தது.

"ஏ பெர்சிஸ்!" என்று உப்பளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான் வில்பிரட். "அம்மா இடுப்பக் கெட்டியாப் புடிச்சுக்கோ!"

ஈவாஞ்சலினின் இடுப்பில் பிடி இறுகியது.