கிழக்கெல்லை ஆடிக்காற்று

கொல்லம் ஆண்டு 1124, ஆனி பதினேழு, வெள்ளிக்கிழமை மதியம், இஸ்ரவேல் திருத்திய ஒன்றேகால் ஏக்கர் மரவள்ளித் தோட்டம், ஊர்ப் பேச்சில் மரச்சீனி விளை, நட்ட கிழங்கோடு எழும்பி, ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடியை ஒரு பனை உயரத்தில் தாண்டி, காவல்கிணற்றுக்கு மேற்கே சென்னை ராச்சியத்தில் போய் இறங்கியது. திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒரே ராச்சியமாகச் சேர்த்த 1949 ஜூலை ஒன்றாம் தேதியும் அதுதான். ஆகவே தேதியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வடசேரிச் சந்தையில் அன்று கிழங்கு விலை முந்தின நாள் விலைதான்.

காற்றைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. தப்பு இஸ்ரவேலுடையது, பக்தியோடு செய்த தப்பு என்பதால் யாரும் வாயைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். மார்த்தாண்டத்துக்கு மேற்கே அண்ணன் தம்பி ஐந்து பேர் பங்கு வைத்ததில் அவனுக்குக் கால் நீட்டக்கூட இடம் மிஞ்சவில்லை. 1947இல் மனைவி ராஜபாயோடு ஒரு கட்டு மரச்சீனிக் கம்பைச் சுமந்துகொண்டு இந்த ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்தான். மலையடியில் உடைமுள்ளும் கல்லுமாய்க் கிடந்த அந்தப் பொட்டலை அதுவரை ஆடுகூட மதித்ததில்லை. மேற்கே கல் பொறுக்காமல் எவனும் கம்பு ஊன்றமாட்டான். அதே பழக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வருஷம் குனிந்த முதுகு நிமிராமல் கல் பொறுக்கினார்கள். தோவாளையில் பூந்தோட்டம் வைத்திருந்த முத்துநாயகம் அவ்வழியே போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். "வேய், இஞ்ச உள்ள காத்து உமக்குத் தெரியாது. கல்லு கெடக்கட்டும். அதுதான் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு." இஸ்ரவேல் சிரித்தான். நிலத்தின் முதல் பலன் ஆண்டவருக்கு என்பது அவர்கள் சபை வழக்கம். இந்த நிலம் முதலில் தந்தது என்ன? கல். அறுப்பின் பண்டிகைக்குப் பதினொரு வண்டிக் கல்லையும் கோவிலில் கொண்டுபோய் இறக்கிவிட்டான் மனுஷன்! சபையாரும் சந்தோஷமாக மதில் கட்டிக்கொண்டார்கள். பாரம் இறங்கிய விளை அடுத்து வந்த ஆனிக்காற்றிலேயே கிளம்பிவிட்டது.

ராஜபாய் அப்போது விளையின் நடுவில் களை பறித்துக்கொண்டிருந்தாள். தலைதான் சுற்றுகிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு கீழே ரோட்டில் புருஷன் வாயைப் பிளந்து நிற்பதும், சிறிதாகிக்கொண்டே போவதும் தெரிந்தது. "கேட்டியளா, நம்ம விளை போவுது! ஓடி வாருங்க!" என்று கத்தினாள். பயந்தாளா என்றால் முதல் மூச்சுக்குப் பயந்தாள். அடுத்த மூச்சில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். மலை இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது, பருந்து ஒன்று காலுக்குக் கீழே பறந்தது. பிறந்து இருபத்துநாலு வருஷத்தில் இப்படியொரு சந்தோஷத்தை அவள் கண்டதில்லை. சாவடிக் காவலர் கிளீட்டஸ் விசிலடித்துக்கொண்டே கீழே ஓடிவந்தார். கிழங்கு எல்லை தாண்டக்கூடாது என்று அப்போது கட்டளை.

"ஏ அக்கா, எறக்கு! கிழங்கு அந்தப்பக்கம் போகப்படாது!"

"காத்துட்ட சொல்லும் அண்ணாச்சி!"

ஐப்பசியில் காற்று கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியதும் விளையும் திரும்பி வந்து பழைய பள்ளத்தில் உட்கார்ந்தது. அதன் பிறகு வருஷா வருஷம் இதே போக்குவரத்து. குடிசையையும் விளையிலேயே போட்டுக்கொண்டார்கள். கிழங்கு தொடை கனத்துக்கு விளைந்தது. 1951 ஆனியில் மகள் இசபெல் சாவடிக்கு நேர் மேலே பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம் என்று இஸ்ரவேல் மேலிருந்து கூவியதை ஊரே கேட்டது.

பட்டாதான் தொல்லை. ஆடியில் நிலம் அளக்க வந்தவர்கள் வெறும் பள்ளத்தைப் பார்த்து "நிலம் காணவில்லை" என்று எழுதிப் போனார்கள். அந்தப்பக்கத்துக் கணக்கப்பிள்ளையோ, கார்த்திகைக்குள் ஓடிப்போகிற நிலத்தைத் தான் எப்படிக் கணக்கில் ஏற்றுவது என்று கையை விரித்தார். 1956 முடிவதற்குள் பட்டா இல்லையென்றால் விளை புறம்போக்காகி ஏலத்துக்குப் போகும் என்று சர்க்கார் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். எப்படியாவது அதை ஓரிடத்தில் நிறுத்த வேறு கல் கொண்டுவந்து போட்டார்கள். பழக்கமில்லாத கல்லை விளை உதறித் தள்ளியது. பழைய கல்லைக் கோவிலில் கேட்டுப் பார்க்கலாமா என்று இஸ்ரவேல் இழுத்தான்.

"ஆண்டவருக்குக் குடுத்தத மதிலை இடிச்சா வாங்கப் போறிய? நாணமில்லியா?" என்றாள் ராஜபாய். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் பிள்ளை பிறந்த மண்ணை எவனோ ஏலம் கேட்கப்போகிறான் என்று நினைக்கும்போதெல்லாம் களையை வேரோடு பிடுங்கி வீசினாள்.

அந்த வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி நாஞ்சில் நாடு சென்னை ராச்சியத்தோடு சேர்ந்தது. ஆரல்வாய்மொழியில் வெடிச் சத்தம் காதைப் பிளந்தது, முன்பின் தெரியாதவன் வாயிலெல்லாம் சர்க்கரையைத் திணித்தார்கள். கிளீட்டஸ் தன் கையாலேயே சாவடியின் தடுப்புத் தடியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கிழக்கேயிருந்து விளை வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நிலம் அளக்கும் ஜான்ரோஸ் சங்கிலியோடு அங்கே நிற்பதை ராஜபாய் மேலிருந்தே பார்த்துவிட்டாள். விளை தாழ்ந்து ரோட்டைக் கடக்கையில் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.

"கையைப் பிடியும் சார்! ஏறும்!"

ஏறிவிட்டார். பறக்கப் பறக்க அளந்தார். ஒன்றேகால் ஏக்கர், ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இனி ரெண்டு பக்கமும் ஒரே சர்க்காருதான். எங்க கெடந்தாலும் கணக்குல ஏத்தலாம்," என்றவர் பேனாவை எடுத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "ஆனா நாலெல்லை எழுதணுமே அம்மா?"

இஸ்ரவேல் முழித்தான். ராஜபாய் முழிக்கவில்லை. ஏழு வருஷமாக மேலிருந்து பார்த்தவள் அவள்.

"வடக்க மலை. தெக்க ரோடு. கெழக்க ஆடிக்காத்து, மேக்க ஐப்பசிக்காத்து. எழுதும் சார்."

ஜான்ரோஸ் விளிம்பில் எட்டிப் பார்த்தார். கீழே தோவாளைச் சாலையில் பூக்கூடைகளோடு ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. சொன்னபடியே எழுதினார். இஸ்ரவேல் குழந்தைபோல விக்கி விக்கி அழுதான்.

டிசம்பர் பிறக்குமுன் சர்க்கார் முத்திரையோடு பட்டா வந்தது. ராஜபாய் அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். முதலில் தோண்டிய கிழங்கைக் கோவிலுக்குக் கொண்டுபோனபோது அந்த மதிலை ஒருமுறை தடவிவிட்டு வந்தாள். அடுத்த ஆனி பிறந்ததும் வழக்கம்போலக் கோழிகளைப் பிடித்துக் கூட்டில் அடைத்தாள், ஆட்டைக் கட்டினாள், இசபெலைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ரோட்டில் போன முத்துநாயகத்தைப் பார்த்து, "ஐப்பசில பாப்பம் அண்ணாச்சி," என்றாள்.